முதல் நாளே செய்து வைத்த ஈஸ்டர் இனிப்பு சொதப்பினால்: அறிகுறி பார்த்து வைத்தியம்

பினாங்கில் பெரிய வெள்ளிக்குப் பொது விடுமுறை கிடையாது. மலேசியாவில் அந்த நாளுக்கு விடுமுறை விடுவது சபாவும் சரவாக்கும்தான். நாம் லீவு எழுதிக் கொடுத்துத்தான் சிலுவைப்பாதைக்குப் போக வேண்டும். சனிக்கிழமை பாஸ்கா திருவிழிப்பு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடு, இருட்டிய பிறகுதான் தொடங்கும்; முடிந்து வீட்டுக்கு வந்து சேரும்போது நடுநிசி நெருங்கியிருக்கும். மறுநாள் பகல் பன்னிரண்டுக்கெல்லாம் இருபது பேர் சாப்பாட்டுக்கு வந்து நிற்பார்கள். ஆக, சனிக்கிழமை காலை பசாரிலிருந்து திரும்பியதற்கும் சாயங்காலம் குளித்துக் கோயிலுக்குக் கிளம்புவதற்கும் நடுவே இருக்கிற ஏழெட்டு மணி நேரம்தான் நம் கையில் இருப்பது.

அந்த நேரத்தில் கிண்டி, ஊற்றி, ஐஸ்பெட்டியில் (ஃப்ரிட்ஜில்) ஏற்றியது ஞாயிறு காலை என்ன முகத்தோடு வெளியே வரும் என்று சொல்ல முடியாது. வருஷா வருஷம் ஞாயிறு காலை எனக்கு நாலு போனாவது வரும். "அக்கா, அகார் அகார் ஆடிக்கிட்டே இருக்கு", "அக்கா, புட்டிங் பாத்திரத்தை விட்டு வர மாட்டேங்குது". பதில் சொல்லிச் சொல்லி ஒன்று புரிந்துவிட்டது: கோளாறில் பெரும்பங்கு அடுப்பில் நடப்பதில்லை, அடுப்பை அணைத்த பிறகு நடக்கிறது. ஆற வைத்த விதம், மூடிய விதம், ஐஸ்பெட்டிக்குள் வைத்த நேரம், இதில்தான் கோட்டை விடுகிறோம். அதனால் கீழே அறிகுறி எதுவோ அந்த இடத்துக்கு நேரே போய்ப் படித்துக்கொள்ளுங்கள். காப்பாற்ற முடிவதும் முடியாததும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

அகார் அகார் இறுகவே இல்லை

தமிழ்நாட்டில் கடல்பாசி, சைனா கிராஸ் என்று சொல்கிற அதே சாமான்தான். முதலில் ஒரு நல்ல செய்தி: இறுகாத அகார் அகாரை மறுபடி கொதிக்க வைத்துச் சரிசெய்யலாம். 35 முதல் 40 டிகிரிக்கு இறங்கும்போது அது இறுகும், ஒருமுறை இறுகிவிட்டால் 85 டிகிரி வரை இளகாது. அதனால்தான் நம் ஊர் மதியச் சூட்டிலும் மேசை மேல் நிமிர்ந்து நிற்கிறது.

இறுகாததற்கு முதல் காரணம், தூள் சரியாகக் கரையாமலே அடுப்பை அணைத்தது. "கொதி வந்துவிட்டது" என்பது போதாது. கொதி வந்த பிறகு இரண்டு மூன்று நிமிஷம் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மணல் ஒட்டியது போல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் இன்னும் கரையவில்லை. நூல் மாதிரி இருக்கும் அகார் அகார் வாங்கியிருந்தால் ஊற வைத்து, கத்தரியால் நறுக்கிப் போட்டு, இன்னும் அதிக நேரம் கொதிக்க விட வேண்டும்.

அடுத்த காரணம் அளவு. 10 கிராம் தூளுக்கு 1 லிட்டர் திரவம் என்றால் வெட்டி எடுக்கிற பதம் வரும். தேங்காய்ப்பாலும் அந்த 1 லிட்டருக்குள் சேர்ந்ததுதான். தண்ணீரை மட்டும் அளந்துவிட்டு, கடைசியில் ஒரு பெட்டிப் பாலை மேலே கவிழ்த்தால் கணக்கு உதைக்கும்.

இனி புளிப்பு. எலுமிச்சைச் சாறு, அன்னாசிச் சாறு, அசாம் போய் (புளிப்பு உலர்பழம்) போன்றவற்றை அகார் அகாரோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் அதன் இறுகும் சக்தியே குறைந்துவிடும். புளிப்பு எதுவானாலும் அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகு சேருங்கள்.

காப்பாற்ற: தளதளவென்று இருப்பதை அப்படியே பாத்திரத்தில் வழித்துப் போடுங்கள். 2 அல்லது 3 கிராம் தூளை அரைக் கோப்பைத் தண்ணீரில் தனியாகக் கொதிக்க வைத்துக் கரைத்து இதில் சேர்த்து, நிதானமாகச் சூடேற்றி மறுபடி ஊற்றுங்கள். தேங்காய்ப்பால் கலந்ததானால் கிண்டுவதை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் திரிந்துவிடும். காலை எட்டு மணிக்குச் செய்தாலும் பன்னிரண்டுக்குள் இறுகிக் குளிர்ந்துவிடும். புளிப்புச் சேர்த்துக் கொதித்ததை மட்டும் மெனக்கெட்டு மீட்க வேண்டாம். ஐஸ் போட்டுக் குடிக்கக் கொடுத்துவிடலாம்.

அடுக்கு அடுக்காக ஊற்றியது, வெட்டும்போது தனித்தனியாக வழுக்குகிறது

கீழ் அடுக்கு முழுசாக இறுகி வழவழவென்று ஆன பிறகு மேலே ஊற்றியிருக்கிறீர்கள். கண்ணாடி மேல் கண்ணாடி வைத்தது போல்தான், ஒட்டாது. விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள்: விரலில் ஒட்ட வேண்டும், ஆனால் குழி விழக் கூடாது. அந்த ஒரு நிமிஷத்தில் அடுத்த அடுக்கை, அதுவும் சூடாக, கரண்டியின் பின்பக்கத்தில் விழும்படி மெல்ல ஊற்ற வேண்டும். நேரம் தவறிப்போனால் முள்கரண்டியால் மேற்பரப்பை லேசாகக் கீறிவிட்டு ஊற்றுங்கள். காத்திருக்கும் அடுக்கு பாத்திரத்திலேயே இறுகிவிடாமல் மிகச் சின்னத் தீயில் இருக்கட்டும்.

ஞாயிறு காலை ஏற்கெனவே பிரிந்துவிட்டதா? எல்லாவற்றையும் சின்னச் சதுரங்களாக வெட்டி, கண்ணாடிக் கிண்ணத்தில் நிறம் நிறமாகக் கலந்து, மேலே குளிர்ந்த தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். அப்படிச் செய்வதாகத்தான் முதலிலிருந்தே இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்லியிருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான புகாரும் வரும்: ஒரே நிறமாக வர வேண்டியது, மேலே வெள்ளை, கீழே பாண்டான் (ரம்பை இலை) பச்சை என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. தேங்காய்ப்பாலின் கொழுப்பு எடை குறைந்தது. கொதிக்கக் கொதிக்க அச்சில் ஊற்றினால் இறுகுவதற்குள் மேலே ஏறிவிடும். ஒரே சீராக வேண்டுமென்றால் பாத்திரத்திலேயே கிண்டி, லேசாகக் குழம்பு பதத்துக்குக் கனக்கத் தொடங்கும்போது ஊற்றுங்கள். இரண்டு அடுக்கு பிடிக்கும் என்றால் சூடாகவே ஊற்றிவிட்டுப் போய்க் குளிக்கலாம். எனக்கு அதுதான் பிடிக்கும், பாதி வேலை மிச்சம்.

ஜெல்லி இறுகவில்லை, அதில் அன்னாசி போட்டிருக்கிறேன்

இது டிரைஃபில், அதாவது கேக், ஜெல்லி, கஸ்டர்ட் அடுக்கிய இனிப்பு, செய்கிறவர்களுக்கு வரும் வழக்கு. ஜெலட்டின் என்பது புரதம். வேக வைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி இவற்றில் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. எத்தனை நாள் ஐஸ்பெட்டியில் வைத்தாலும் அது தண்ணீராகவேதான் கிடக்கும். அன்னாசியை ஐந்து நிமிஷம் கொதிக்க வைத்தாலோ, டின் அன்னாசி வாங்கினாலோ அந்த நொதி செத்துவிடும். ஜெல்லி நன்றாக இறுகும். அகார் அகார் புரதம் இல்லை, அதற்கு இந்தத் தொல்லையே கிடையாது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் விருந்துக்கு நம் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்துச் சொந்தங்கள். ஜெலட்டின் மாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். வாங்கும்போதே பொட்டலத்தின் பின்னால் இருப்பதைப் படித்துவிடுங்கள். மேசையில் வைத்துவிட்டு, அத்தை ஒரு வாய் எடுத்து வைத்த பிறகு யோசிப்பது நல்லதில்லை. அதோடு ஜெலட்டின் 30 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும், பினாங்கில் மதியம் வெளியே அதே சூடுதான். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு முன்வாசலில் கூடாரம் போட்டுப் பரிமாறப் போகிறீர்கள் என்றால் அகார் அகாரே உத்தமம்.

கேரமல் புட்டிங் உள்ளே தேன்கூடு மாதிரி துளை துளையாக இருக்கிறது

தீ அதிகம். வேறு சாக்கே கிடையாது. முட்டையும் பாலும் கலந்தது 80 டிகிரி பக்கத்தில் மெல்ல இறுக வேண்டும். கீழே தண்ணீர் தளதளவென்று கொதித்தால் புட்டிங்குக்குள் நீர் ஆவியாகிக் குமிழி விட்டு, அந்தக் குமிழிகள் அப்படியே உறைந்துவிடும். முட்டை இறுகிச் சுருங்கித் தண்ணீரும் விடும். தொட்டால் ரப்பர் மாதிரி இருக்கும்.

என் அளவு இது: 4 முட்டை, ஒரு டின் எவாபரேட்டட் பால், 150 மில்லி தண்ணீர், ஆறு மேசைக்கரண்டி சீனி, சௌரஸ்தா மார்க்கெட்டில் வாங்கி வைத்த ஜாதிக்காயை இரண்டு இழுப்பு இழுத்த தூள். முட்டையை அடிக்கக் கூடாது, நுரை வராமல் கலக்க வேண்டும். வடிகட்டியில் இரண்டு தடவை வடித்துவிடுங்கள். தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, அச்சை உள்ளே வைத்து, மூடிக்கும் சட்டிக்கும் நடுவே ஒரு சாப்ஸ்டிக் கொடுத்துச் சின்ன இடைவெளி விடுங்கள். 35, 40 நிமிஷம் ஆகும். மூடிக்குள் ஒரு துணி கட்டினால் ஆவித்துளி சொட்டிப் புட்டிங் முகத்தில் அம்மைத் தழும்பு விழாது.

வெந்துவிட்டதா என்று பார்க்க, அச்சைத் தட்டுங்கள். ஓரம் அசையாமல், நடுவில் ஒரு வெள்ளி நாணயம் அளவுக்கு மட்டும் நடுங்கினால் உடனே இறக்குங்கள். மிச்சத்தை அதன் சூடே பார்த்துக்கொள்ளும். நடுவும் கெட்டியாகிற வரை அடுப்பில் வைத்திருந்தால் ஆறும்போது மேலும் வெந்து துளை விழுந்துவிடும். நான் முதலில் சொன்ன "அடுப்பை அணைத்த பிறகு" என்பதற்கு இதைவிடச் சரியான உதாரணம் கிடையாது.

துளை விழுந்ததை மூட முடியாது. சாப்பிடலாம், தப்பில்லை. யாழ்ப்பாணத்து அண்டை வீட்டுப் பாட்டி, இதே போல முட்டையில் செய்யும் வட்டிலப்பத்தில் துளை விழுந்ததை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. துண்டுகளாக வெட்டிக் கிண்ணங்களில் போட்டு, கேரமலை மேலே ஊற்றிவிடுங்கள்.

கேரமல் புட்டிங் கவிழ்த்தால் வர மாட்டேன் என்கிறது

இரவு முழுவதும் ஐஸ்பெட்டியில் இருந்ததா? இருந்திருந்தால் கேரமல் தானாகவே நீர்த்திருக்கும். ஓரத்தில் மெல்லிய கத்தியை ஒரு சுற்று விட்டு, அச்சின் அடியை வெந்நீரில் ஒரு நிமிஷம் வையுங்கள். தட்டை மேலே வைத்துக் கவிழ்த்து, ஒரு பக்கமாகச் சாய்த்தால் காற்று உள்ளே போகும். "ப்ளக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வரும் வரை தட்டாதீர்கள், உலுக்காதீர்கள். அவசரப்பட்டு உலுக்கி, தரையில் கவிழ்த்து, ஈஸ்டர் காலையில் மொப்பும் கையுமாக நின்றது நான்தான்.

கேரமல் காய்ச்சும்போதே கற்கண்டு மாதிரி உறைந்துவிட்டால், சீனி கரையும்போது கரண்டி போட்டுக் கிளறியிருப்பீர்கள். கிளறாமல் சட்டியைச் சுழற்றுங்கள், இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். கசந்தால் கருகிவிட்டது, கொட்டிவிட்டு இன்னொரு முறை காய்ச்சுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

நேற்று இரவு கெட்டியாக இருந்த கஸ்டர்ட், காலையில் தண்ணீராகிவிட்டது

இந்த ஒன்றுக்காகத்தான் முழுசாக எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் சிக்கிய பலரும் பாலைக் குறை சொல்வார்கள், பொட்டலத்தைக் குறை சொல்வார்கள். விஷயம் வேறு.

கஸ்டர்ட் தூள் என்பது பெரும்பாலும் சோளமாவுதான். 1837-இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகச் செய்தது. கெட்டித்தன்மை முழுவதும் மாவுச்சத்தில் இருக்கிறது. மாவுச்சத்தைக் கரைக்கும் நொதி ஒன்று நம் எச்சிலில் உண்டு. இப்போது சனிக்கிழமை இரவை நினைத்துப் பாருங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் கஸ்டர்ட் ஆறிக்கொண்டிருக்கிறது. கோயிலுக்குக் கிளம்பும் அவசரம். ஒருவர் வருகிறார், கரண்டியால் ஒரு வாய் எடுத்துச் சப்பிப் பார்த்து, "சீனி சரியா இருக்கு" என்று சொல்லி அதே கரண்டியை மறுபடி உள்ளே விட்டு இன்னொரு வாய். அவ்வளவுதான். ஆறு மணி நேரம் அந்த ஒரு துளி எச்சில் அமைதியாக வேலை பார்க்கும். காலையில் கிண்ணத்தைத் திறந்தால், கரண்டி போன இடம் குழியாகி, அதைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் நிற்கும். என் வீட்டில் ஒரு வருஷம் இரண்டு குழி இருந்தது. ஒன்று சின்ன மகனுடையது என்று தெரியும். இன்னொன்று யாருடையது என்று என் கணவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ருசி பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஒரு தட்டில் எடுத்து வைத்து ருசி பாருங்கள், வாயில் பட்ட கரண்டி திரும்பக் கிண்ணத்துக்குள் போகக் கூடாது. எச்சில் படக் கூடாது என்று பாட்டி கத்தியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எச்சில் பட வாய்ப்பே இல்லை என்றால், மஞ்சள் கரு சேர்த்துச் செய்தீர்களா என்று பாருங்கள். மஞ்சள் கருவிலும் அதே வகை நொதி இருக்கிறது. குமிழி விட்டு ஒரு நிமிஷமாவது கொதித்தால்தான் அது சாகும். "கெட்டியாகிவிட்டதே" என்று கொதி வருமுன் இறக்கினால் மறுநாள் நீர்த்துவிடும். மூன்றாவது காரணம், ஆறி இறுகிய கஸ்டர்டை மறுபடி கலக்கியது. இறுகிய பிறகு அடித்தால் கட்டமைப்பு உடைந்து நீர் விடும்.

காப்பாற்ற: எச்சில் பட்டதைக் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், விருந்தாளிக்கு வேண்டாம். கொதிக்காமல் போனதால் நீர்த்தது என்றால், இரண்டு கரண்டி கஸ்டர்ட் தூளைக் குளிர்ந்த பாலில் கரைத்துச் சேர்த்துக் கொதிக்க வைத்தால் மீளும். மேலே ஆடை கட்டாமல் இருக்க, கஸ்டர்ட் மேலேயே ஒட்டுவது போல் பிளாஸ்டிக் தாளை அழுத்தி மூடுங்கள்.

சாகோ குலா மலாக்கா ஐஸ்பெட்டியிலிருந்து கல்லாக வந்தது

சவ்வரிசியைச் சனிக்கிழமையே வேக வைத்து அச்சில் போட்டு இரவெல்லாம் குளிர வைத்திருக்கிறீர்கள். வெந்த மாவுச்சத்து ஐஸ்பெட்டிக் குளிரில்தான் சீக்கிரம் விறைத்துப் போகும். பழைய சோறு ஐஸ்பெட்டியில் விறைப்பதும் இதனால்தான். இது முன்கூட்டிச் செய்யக்கூடிய பலகாரமே இல்லை, பாதிதான் முன்கூட்டிச் செய்யலாம். குலா மலாக்காவைப் பாண்டான் இலையோடு காய்ச்சி வடிகட்டிப் பாட்டிலில் வையுங்கள். தென்னை மரத்துச் சாறு காய்ச்சி எடுத்த வெல்லம் அது, அடியில் மண்ணும் நாரும் இருக்கும், வடிகட்டாமல் விடாதீர்கள். சவ்வரிசியை ஞாயிறு காலை வேக வையுங்கள், இருபது நிமிஷம்.

பிசுபிசுவென்று ஒரே உருண்டையாகிவிட்டால்: ஊற வைத்தீர்கள், அல்லது குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தீர்கள். 200 கிராமுக்கு 2 லிட்டர் தண்ணீர் கொதிக்கட்டும், அதில் தூவிக் கிண்டுங்கள். நடுவில் வெள்ளைக் கண் தெரியும்போதே அடுப்பை அணைத்து மூடி வைத்தால் பத்து நிமிஷத்தில் கண் மறையும். வடிகட்டிக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

ஏற்கெனவே கல்லாகிவிட்டதா? கிண்ணங்களைச் சூடான ஆவியில் ஐந்து நிமிஷம் வையுங்கள், இளகும். அந்தச் சூட்டிலேயே குளிர்ந்த பாகை ஊற்றிக் கொடுத்தால் தனி ருசி.

மேலே ஊற்றும் தேங்காய்ப்பால் புளித்த வாடை அடித்தால் விவாதமே வேண்டாம், கொட்டிவிடுங்கள். பசாரில் பிழிந்து வாங்கிய பால் நம் ஊர்ச் சூட்டில் மதியத்தைத் தாண்டாது. வாங்கியவுடன் ஐஸ்பெட்டி, அல்லது ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவந்து இறக்கி ஆற வைத்துக் குளிர வையுங்கள். வேலை அதிகம் என்றால் பெட்டியில் வரும் பால் வாங்குங்கள், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மாமியார் கண்டுபிடிப்பார்.

கேக் பாத்திக் வெட்டினால் உதிர்கிறது

அவனில் வைத்துச் சுடாத கேக், மேரி பிஸ்கட்டும் மைலோ சாக்லேட் பானத்தூளும். வெட்டிய துண்டில் பிஸ்கட் கோலம் பாத்திக் துணி மாதிரி தெரியும் என்றுதான் அந்தப் பெயர். 200 கிராம் பிஸ்கட்டுக்கு 125 கிராம் வெண்ணெய், 100 கிராம் மைலோ, 150 கிராம் கெட்டிப்பால் (கண்டென்ஸ்ட் மில்க்) என்று போட்டால் உதிராது. பிஸ்கட்டை நாலாக உடையுங்கள், தூளாக்காதீர்கள். தகரத்தில் போட்டதும் தட்டையான கிண்ணத்தின் அடியால் நன்றாக அழுத்துங்கள். நடுவில் காற்று இருந்தால் வெட்டும்போது அங்கேதான் பிளக்கும். இரவெல்லாம் குளிரட்டும்.

காய்ச்சும்போது எண்ணெய் தனியாக மிதந்தால் சூடு கூடிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு கரண்டி வெந்நீர் விட்டு வேகமாக அடியுங்கள், பளபளவென்று ஒன்றுசேரும். சிலர் முட்டை சேர்ப்பார்கள். இருபது பேர் விருந்தில், வெயிலில் இருக்கப்போகிற பண்டத்தில் அரைகுறையாக வெந்த முட்டை எனக்கு உடன்பாடில்லை.

சூஜி கேக் வாயில் நறநறவென்கிறது

ரவையை வெண்ணெயில் ஊற வைக்காமல் மாவில் கலந்திருக்கிறீர்கள். மலாக்காப் போர்த்துக்கீசியக் குடும்பங்களிலிருந்து நம் வீடுகளுக்கும் வந்த கேக் இது. அவர்கள் வெண்ணெயைக் குழைத்து ரவையைக் கலந்து, மூடி ஓர் இரவு வைத்துவிடுவார்கள். குறைந்தது நாலு மணி நேரமாவது வேண்டும். சுட்ட அன்றே சாப்பிட்டால் கொஞ்சம் நறநறப்புத் தெரியத்தான் செய்யும். இரண்டாம் நாள் அடங்கும். ஆகவே வெள்ளிக்கிழமை இரவு சுட்டுவிடுங்கள். நோன்பு நாளில் வாசனை பிடிக்கத்தானே செய்கிறோம், சாப்பிடவில்லையே.

நடுவில் குழி விழுந்தால் வேகுமுன் ஓவன் கதவைத் திறந்துவிட்டீர்கள். குழியைப் பழமும் கிரீமும் வைத்து மறைக்கலாம்.

ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததும் கேக்குக்கு வியர்க்கிறது

மேலே முத்து முத்தாகத் தண்ணீர், ஐசிங் கரைந்து வழிகிறது. கேக் மேல் இருப்பது நம் ஊர்க் காற்றின் ஈரம். ஐஸ் போட்ட கோப்பைக்கு வெளியே தண்ணீர் கோர்ப்பது போல. டப்பாவின் மூடியைத் திறக்காமலே வெளியே எடுத்து அரைமணி நேரம், பெரிய கேக் என்றால் ஒரு மணி நேரம் வையுங்கள். வியர்வை டப்பாவுக்கு வெளியே கோர்க்கும், துடைத்துவிட்டுத் திறந்தால் கேக் உலர்ந்திருக்கும். அடித்த கிரீம் உள்ள கேக்குக்கு இது சரிவராது. அதைக் கடைசி நிமிஷத்தில்தான் எடுக்க வேண்டும், காற்றாடிக்கு நேரே வைக்கக் கூடாது.

மட்டன் கறி காலையில் நுரைத்துப் புளித்திருக்கிறது

இனிப்பு மட்டும் போதாதே. ஐஸ்பெட்டியில்தானே வைத்தேன், எப்படிப் புளித்தது என்று கேட்பார்கள். பத்து லிட்டர் சட்டியைச் சூடாக அப்படியே உள்ளே வைத்தால் நடுவில் இருப்பது விடிய விடிய வெதுவெதுப்பாகவே இருக்கும். அதோடு பக்கத்தில் இருக்கும் புட்டிங்கையும் கஸ்டர்டையும் சூடாக்கிவிடும். கறி ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், நாலு விரல் உயரத்துக்கு மேல் போகாத அகலமான டப்பாக்களில் பிரித்து உள்ளே வையுங்கள். அவசரமென்றால் சட்டியைக் குழாய்த் தண்ணீரும் ஐஸும் உள்ள தொட்டியில் இறக்கிக் கிளறுங்கள். நுரைத்ததைக் கொதிக்க வைத்து மீட்கப் பார்க்காதீர்கள், கொட்டுவதுதான் வழி. நெய்ச்சோறும் அப்படித்தான், இரவெல்லாம் சட்டியோடு வெளியே கிடந்ததைச் சூடு பண்ணி வைக்கக் கூடாது.

பிரட்டல் காய்ந்து நாராகிவிட்டதென்று இன்னொரு புகார். சனிக்கிழமையே பிரட்டி முடித்து, ஞாயிறு மறுபடி சூடு பண்ணினால் வேறென்ன ஆகும்? சனிக்கிழமை மட்டன் மெத்தென்று வேகும் வரை மட்டும் குழம்போடு நிறுத்துங்கள். குளிர்ந்ததும் மேலே உறைந்த கொழுப்பை வேண்டிய அளவு வழித்தெடுக்கலாம். ஞாயிறு காலை அகலச் சட்டியில் கருவேப்பிலை, மிளகு, சோம்பு தாளித்து அந்தக் குழம்பைச் சுண்ட விட்டால் பிரட்டல் புதுசாக இருக்கும். உப்பு அப்போது பாருங்கள். குளிர்ந்த கறியில் உப்பு குறைவாகத்தான் தெரியும், போட்டுவிட்டு அப்புறம் விழிக்கக் கூடாது.

அவித்த முட்டைக்குள் பச்சை வளையம்

அதிகம் வெந்துவிட்டது, வெந்நீரிலேயே ஆறவும் விட்டிருக்கிறீர்கள். மஞ்சள் கருவின் இரும்பும் வெள்ளைக் கருவின் கந்தகமும் சேர்ந்த நிறம், சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. கொதித்த பிறகு பத்து நிமிஷம் போதும், உடனே ஐஸ் தண்ணீர். ஓடு சதையோடு பெயர்ந்து வந்தால் முட்டை ரொம்பப் புதுசு. ஒரு வாரம் முன்னாலேயே வாங்கி வைத்த முட்டைதான் அழகாக உரியும்.

சாயம் பூசி, கூடையில் அடுக்கி, காலைப் பூசையிலிருந்து சாயங்காலம் வரை கூடத்து மேசையில் பிள்ளைகள் உருட்டி விளையாடிய முட்டையை மட்டும் யாருக்கும் உரித்துக் கொடுக்காதீர்கள். சாப்பிட என்று தனியாகப் பத்து முட்டை ஐஸ்பெட்டியில், கஸ்டர்டுக்குப் பின்னால் இருக்கட்டும்.